படர்தாமரைப் பங்காளிகள்

ராசாமணியக்காவின் லைன் வீடுகளில் முதல் முகம் வந்தது கட்டிங் மாஸ்டர் கணபதியப்பனின் தொப்புளுக்கு மேலே. படர்தாமரை அதற்கு வெகு காலம் முன்பே எல்லோருக்கும் இருந்தது, அதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசக்கூட மாட்டார்கள். பனியன் கம்பெனி ஊரில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் இருந்துகொண்டு, ஒரே குளியலறை வாசலில் வாளியோடு காத்து நின்று, ஒரே சோப்பைத் தேய்த்து, ஒரே கொடிக்கயிற்றில் அடுத்தவர் உள்பாவாடை மேல் தன் துண்டை விரித்து, அது அரைகுறையாய்க் காய்ந்ததும் உருவி மாட்டிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிற சனத்துக்குப் படர்தாமரை வராமல் பின்னே என்ன வரும்? வந்தது, வட்டம் வட்டமாய் வந்தது, ஓரம் சிவந்து நடு வெளுத்து இடுப்பிலும் தொடையிலும் அக்குளிலும் படர்ந்தது, சொறிந்துகொண்டே மிஷின் மிதித்தார்கள், சொறிந்துகொண்டே டீ குடித்தார்கள், சொறிந்துகொண்டே சாமி கும்பிட்டார்கள். அன்றைக்குக் காலையில் கணபதியப்பன் சட்டையைத் தூக்கியபோது அவர் பெண்டாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, வட்டத்துக்கு நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முகம் இருக்கிறது, மீசையெல்லாம் தெளிவாய்த் தெரிகிறது, மூன்றாம் வீட்டுச் செல்லப்பாண்டி அண்ணனை உரித்து வைத்த மாதிரி இருக்கிறதே என்றாள். கணபதியப்பன் குனிந்து பார்த்து, ஆமாம், கிடாவெட்டுக்குப் போக அவன் லுங்கியைத்தானே வாங்கிக் கட்டினேன் என்று சொல்லிவிட்டு மிச்ச இட்லியைத் தின்றார். குளிக்கும்போது அந்த முகத்தின் கண்ணில் சோப்பு படலாமா கூடாதா என்பதுதான் அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த ஒரே விவாதம்.

அதற்கப்புறம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் முகம் வந்துவிட்டது. யாரிடமிருந்து ஒட்டியதோ அவருடைய முகம். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. முதுகில் வந்தவர்கள் தன்னுடையது யாரென்று தெரியாமல் தவித்ததால், தெருமுனை மருந்துக்கடை பாலுச்சாமி மாத்திரை அட்டையில் பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுக்கே வந்து, குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முதுகாய்ப் பார்த்துப் பேர் சொன்னார். இந்தப் படர்தாமரையைச் சோறு போட்டு வளர்த்தவரே அவர்தான், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. அவர் கடையில் ஒரு பச்சை டியூப் உண்டு, தடவிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும். லைன் வீட்டு வழக்கம் என்னவென்றால், டியூப் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். அரிப்பு நின்றவர் அதை அடுத்த வீட்டு ஜன்னலில் வைத்துவிடுவார், அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வீட்டில் மறுபடியும் அரிக்கும், டியூப் வந்த வழியே திரும்பும். தனக்கென்று ஒரு டியூப் வாங்கி வைத்துக்கொள்வதைப் போல ஒரு கேவலம் அங்கே கிடையாது.

முகம் வந்ததில் சில வீடுகளில் ரகளை ஆகாமல் இல்லை. ஒருவனுடைய உள்தொடையில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற அடுத்த தெருக் கைமடிக்காரி சிரித்தபடி இருந்தாள், அவன் கொஞ்ச நாள் கம்பெனி குடோனிலேயே படுத்தான். துண்டையே கடன் வாங்கியதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு கஞ்சனின் இரண்டு அக்குளிலும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. சனம் எதற்குத்தான் பழகாது? முகம் காட்டிப் பேர் சொல்வது, ஊர் கேட்டுச் சாதி விசாரிப்பதை விடச் சுலபமாய் இருந்தது, பொய்யும் சொல்ல முடியவில்லை. இன்னார் முகத்தை இன்னார் தாங்கியிருக்கிறார் என்றால் அது உறவில்லாமல் வேறென்ன என்று யாரோ கேட்டார்கள், கேட்டதோடு நிற்காமல் கணபதியப்பன் தன் தொப்புளுக்கு மேலிருந்த செல்லப்பாண்டியை அன்றிலிருந்து அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார், செல்லப்பாண்டி அவரை விட வயதில் சின்னவன், முதலில் கூச்சப்பட்டுவிட்டு அப்புறம் ஆடிக்கு அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான்.

இப்படி முகத்துக்கு முகம் ஏறிக்கொண்டே போனால் எல்லா வழியும் ஒரே ஆளிடம் போய் நின்றது. செல்லப்பாண்டியின் விலாவில் இருந்தது ராசாமணியக்கா. ஓவர்லாக் டெய்லர் ரேணுகாவின் பிடரிக்குக் கீழே இருந்ததும் ராசாமணியக்கா. ஆனால் ராசாமணியக்காவின் இடுப்பு வட்டத்துக்கு நடுவில் ஒன்றுமில்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாய் இருந்தது. பஸ் சீட்டிலிருந்தோ லாட்ஜ் தலையணையிலிருந்தோ வந்திருக்கும், அதற்கெல்லாம் முகம் ஏது என்று பாலுச்சாமி தீர்ப்புச் சொன்னார். ஆக, அவள்தான் மூலம். புருஷன் செத்து, பிள்ளையில்லாமல், வாடகை வசூலிக்க மட்டும் கதவு தட்டப்படுகிறவளாய், ஹவுஸோனரம்மா வருகிறாள் என்றால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆளில்லாத மாதிரி உட்கார்ந்துகொள்கிற சனத்துக்கு நடுவில் இத்தனை வருஷம் இருந்த ராசாமணியக்காவுக்கு ஒரே மாதத்தில் லைன் வீடு முழுக்க மகனும் மகளும் பேரனும் கொள்ளுப்பேரனும் ஆகிவிட்டார்கள். குளித்துவிட்டு வரும் ஆண்களின் வெற்று முதுகில் எல்லாம் தன் வம்சம் போவதைப் பார்த்துக்கொண்டு அவள் வாசலில் நின்றபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எதிரிக்குக்கூட மனசு இளகிவிடும்.

ரேணுகாவுக்கு அது வேறு மாதிரி. அவள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, அம்மா அப்பா இல்லை, பனியன் கம்பெனிக்கு வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள் அங்கேயே வயதுக்கு மேல் வயதாகி உட்கார்ந்துவிட்டாள். சிக்குன்குனியா வந்து கை கால் மடக்க முடியாமல் கிடந்தபோது ராசாமணியக்கா தன் துண்டாலேயே அவள் முகத்தைத் துடைத்து, தன் சேலையை மடித்துத் தலைக்குக் கொடுத்து, அவள் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டாள். பிடரிக்குக் கீழே வந்த வட்டம் அப்போது வந்ததுதான். அதில் யார் முகம் என்று பாலுச்சாமி சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, அந்த முகத்தை முதல் தடவை பார்த்தபோது அவள் அழுதாள், ஏன் என்று கேட்டால் அரிக்கிறது என்றாள்.

அவளுக்கும் சாயப்பட்டறைக் குழந்தைவேலுவுக்கும் கல்யாணம் முடிவாகியிருந்தது. குழந்தைவேலு தர்மபுரிப் பக்கத்துக்காரன், கடைசி வீட்டில் குடியிருந்தான், எந்த நேரமும் முழங்கை வரை ஏதாவது ஒரு கலரில் இருப்பான், அதிகம் பேச மாட்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் காதைச் சொறிவான். இரண்டு பேருக்கும் முன்னால் நின்று பேச ஆள் இல்லாததால் ராசாமணியக்காவேதான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தாள், தாய்வீட்டுச் சீராகத் தானே பித்தளைக் குடமும் பாயும் கொடுப்பதாய்ச் சொன்னாள். அந்த நேரத்தில்தான் பாலுச்சாமி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். குழந்தைவேலுவின் தோளில் இருப்பது கணபதியப்பன், கணபதியப்பனுடையது செல்லப்பாண்டி, செல்லப்பாண்டியுடையது ராசாமணியக்கா. ரேணுகாவோ நேராய் ராசாமணியக்காவின் மகள். அப்படியானால் இரண்டு பேரும் ஒரே வேர், பங்காளிகள், பங்காளிக்குள் கல்யாணம் கட்டுகிற வழக்கம் இந்தச் சீமையிலேயே கிடையாது. அதோடு விட்டாரா, மனுஷன் விரல் விட்டு முறை வேறு எண்ணினார்: மாப்பிள்ளைக்குப் பாட்டன் செல்லப்பாண்டி, அந்தப் பாட்டனோடு கூடப் பிறந்தவள் பெண், ஆக ரேணுகா குழந்தைவேலுவுக்கு அத்தைப்பாட்டி.

குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். அத்தைப்பாட்டியைக் கட்டினால் குடும்பம் விளங்காது என்று சிலர் சொன்னார்கள், படர்தாமரைக்கெல்லாம் முறை பார்த்தால் பேன் பார்த்தவளையும் நாத்தனார் என்பீர்களா என்று கணபதியப்பனின் பெண்டாட்டி கேட்டாள், அவளை உட்காரச் சொன்னார்கள். குழந்தைவேலு காதைச் சொறிந்தான். எல்லோரும் ராசாமணியக்காவைப் பார்த்தார்கள். அவள் நடக்காது என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் ரேணுகா எதிர்த்து நின்றிருப்பாள். கூட்டம் கலைந்தபிறகு அவள் ராசாமணியக்காவின் அடுப்படியில் போய் நின்று, நீங்கதானே பேசி முடிச்சீங்க, நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போவேன் என்று கேட்டாள். ராசாமணியக்கா திரும்பாமலே பேசினாள்.

"முறைன்னு ஒண்ணு இருந்தாத்தான் கண்ணு நான் உனக்கு அம்மா. அது இல்லீன்னு சொல்லீட்டா நான் வெறும் வாடகை வாங்கறவதான?"

ரேணுகா விட்டுவிடவில்லை. இரண்டு பேருக்கும் வந்திருப்பது ஒரே படர்தாமரைதான் என்று எவன் கண்டான், உள்ளே இருக்கிற பூஞ்சை வேறு வேறாய் இருக்கலாமே, முகத்தை நம்புவதா, பரிசோதனை பண்ணிப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டாள். குழந்தைவேலு அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனான். லைன் வீட்டின் சார்பில் சாட்சியாகப் பாலுச்சாமியும் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் எஸ்தர் ஜெயசீலிக்கு முகத்தைப் பார்த்து ஆச்சரியமெல்லாம் இல்லை. இப்போதெல்லாம் வருகிறவர்கள் எல்லோரும் முகத்தோடுதான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார், அதில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். பிளேடால் வட்டத்தின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, தவிடு மாதிரி உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்து, பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார். ஓரத்தில் ஏன் சுரண்டுகிறீர்கள், முகம் நடுவில்தானே இருக்கிறது என்று பாலுச்சாமி கேட்டதற்கு, பூஞ்சை தின்பது செத்த தோலை, நடுவில் தின்று முடித்துவிட்டுத்தான் ஓரத்துக்கு நகர்ந்து வட்டமாகிறது, இப்போது அது இருக்கிற இடம் ஓரம்தான், நடுவில் இருப்பது அது விட்டுப்போன ஞாபகம் என்றார். பாலுச்சாமிக்குத் தான் இத்தனை நாள் வெற்று இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோமா என்று கொஞ்சம் வருத்தமாய்ப் போய்விட்டது.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்து நிதானமாய்ச் சொன்னார். பூஞ்சைக்கும் மரபணு உண்டு, அதற்கும் பரம்பரை உண்டு. உங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே பூஞ்சை. ரேணுகா கண்ணைத் துடைத்தாள். டாக்டர் நிறுத்தவில்லை. உங்களுக்கு மட்டுமில்லை, என் கையில் இருக்கிற கண்டக்டரும் அதே பூஞ்சைதான், வடக்கே எங்கோ ஒருத்தருக்கு வந்ததும் அதே பூஞ்சைதான், ஒன்றையே நகல் எடுத்து நாடு முழுக்கப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையிலும் கல்யாணம் உண்டு, அதற்கு இரண்டு வகை வேண்டும், இந்தப் பக்கம் கிடைப்பதெல்லாம் ஒரே வகை, இன்னொரு வகை கண்ணிலேயே படவில்லை, அதனால் இது ஜோடி தேடுவதை விட்டுவிட்டுத் தன்னைத்தானே பிரித்துப் பெருகுகிறது. அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது, அதனால் வழக்கமாய்க் கொடுக்கிற மாத்திரை அதற்கு உறைக்கிறதில்லை. இதற்கு நடுவில் பச்சை டியூப் வேறு, அது அரிப்பைத் தூங்க வைத்துவிட்டுப் பூஞ்சைக்கு விருந்து வைக்கிறது. டாக்டர் இதைச் சொன்னபோது பாலுச்சாமி சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற இரண்டு பேரும் வெளியே போனபிறகு ரேணுகா மட்டும் வாசற்படியில் தயங்கினாள். அப்போ நான் யாரையுமே கட்ட முடியாதா டாக்டர், எல்லோரும் பங்காளி ஆகிட்டாங்களே என்றாள். டாக்டர் அடுத்த நோயாளிக்கு மணியடிக்கப் போன கையை நிறுத்தினார்.

"குணமாக்கிக்கங்கம்மா. பூஞ்சை போயிட்டா முகம் போயிடும், முகம் போயிட்டா யார் உங்களுக்குப் பங்காளி?"

லைன் வீட்டுக்கு வந்ததும் பாலுச்சாமி குழாயடித் திட்டில் ஏறி நின்று, நாட்டில் படர்தாமரை உள்ள அத்தனை பேரும் ஒரே வேர் என்று ஆராய்ச்சிக்கூடமே சொல்லிவிட்டது என்று அறிவித்தார். அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. அப்படியானால் புருஷன் பெண்டாட்டிகள் கதி? கணபதியப்பனின் பெண்டாட்டி அன்று சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிடுங்கண்ணா என்றாள். பல வீடுகளில் பாய்கள் திக்குக்கு ஒன்று திசைக்கு ஒன்று போயின, ரொம்ப வருஷமாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடி மட்டும் அண்ணன் தங்கச்சி என்று ஆனவுடன் ஒற்றுமையாகி ஒன்றாய் உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள். ரக்ஷா பந்தனுக்குப் பெண்டாட்டிகள் புருஷன்மாருக்குக் கயிறு கட்டலாமா என்று ஆலோசனை நடந்தது. விஷயம் கைமீறிப் போகிறதென்று ராசாமணியக்கா தலையிட்டு, முகம் வருவதற்கு முன்னால் கட்டிய தாலியெல்லாம் செல்லும், இனிமேல் கட்டப்போவதற்குத்தான் தடை என்று தீர்ப்புக் கொடுத்தாள். லைன் வீடே பெருமூச்சு விட்டது, ரேணுகாவையும் குழந்தைவேலுவையும் தவிர.

ரேணுகா மறுநாளே டியூபை ஜன்னலில் வைத்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த வேறு வகை மாத்திரையை முழுங்க ஆரம்பித்தாள். கடைசி வீட்டில் குழந்தைவேலுவும் ஆரம்பித்தான். டியூபை நிறுத்தினால் அரிப்பு அடங்காமல் திரும்பி வரும், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சொன்னதற்கு மேலேயே வந்தது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து சுவரில் முதுகைத் தேய்த்து அவள் ஜாக்கெட்டே கிழிந்தது. பிடரிக்குக் கீழிருந்த வட்டம் வெறிகொண்டு பெருத்துச் சப்பாத்தி அளவுக்கு ஆனது, அதற்குள் ராசாமணியக்காவின் முகமும் பெருத்து, மூக்குத்தியும் தாடை மச்சமும்கூடத் தெரிந்தன. குணமாகிற வரை யாரையும் தொடக்கூடாது, யார் துணியோடும் துணி கலக்கக்கூடாது. கம்பெனி வாசல் பஸ் ஸ்டாப்பில் அவளும் குழந்தைவேலுவும் நடுவில் இரண்டு டிபன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், தாலி கட்டப்போகிற பெண்ணை ஒரு விரலால் தொடக்கூட முடியாமல் அவன் டிபன் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தான்.

அதையெல்லாம் லைன் வீடு பொறுத்துக்கொண்டது. ரேணுகா தனியாய் ஒரு கயிறு கட்டித் தன் துணியை மட்டும் அதில் உலர்த்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. தனிக் கயிறு, தனி வாளி, தனி சோப்பு, துணியை வேறு இஸ்திரி போட்டு மடிக்கிறாள்! நம் உடம்பு மேல் பட்டால் தீட்டு என்கிறாளா என்று கேட்டார்கள், பெற்ற தாயின் முகத்தை மாத்திரை போட்டு அழிக்கிறாளா என்று கேட்டார்கள், வீடு வீடாய்ப் போகிற குழம்புக் கிண்ணம் அவள் கதவில் நிற்காமல் தாண்டிப் போக ஆரம்பித்தது. ராசாமணியக்கா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. தினமும் காலையில் ரேணுகாவின் வாசலில் வந்து நின்று, திரும்பு கண்ணு என்பாள். ரேணுகா திரும்பி ஜாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுவாள். அக்கா தொடாமல் எட்டி நின்றே பார்ப்பாள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் மூக்குத்தி மங்கியது, அப்புறம் மச்சம், அப்புறம் கன்னம்.

"நான் இன்னைக்கு எளைச்சுட்டனா?"

"கொஞ்சம்தான்க்கா."

"ம். எளைக்கட்டும்."

ரேணுகாவுக்கு அந்த நேரத்தில் மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று இருக்கும். குழந்தைவேலுவை நினைத்துக்கொண்டு முழுங்குவாள். ஒருநாள் ராசாமணியக்கா வந்து பார்த்தபோது அந்த இடத்தில் தோல் வெறும் தோலாக இருந்தது. அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள், அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதே வாரம் குழந்தைவேலுவின் தோளிலிருந்து கணபதியப்பனும் போய்விட்டார். இப்போது இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை, ஊரில் யாருக்கும் ஒன்றுமில்லை, சுத்தமான தோலோடு அனாதைகளாய் நின்றார்கள். கல்யாணத் தேதி குறித்தார்கள்.

அழைக்கப் போன இடத்தில் லைன் வீடு ஒரு நிபந்தனை போட்டது. தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையில் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணியபிறகுதானே கட்டுவது? நாங்கள் தொடாத தாலியைக் கட்டுவதானால் எங்களை எதற்கு அழைக்கிறாய்? இத்தனை பேர் தொட்ட தாலி ரேணுகாவின் கழுத்தில் விழுந்தால், ஆளுக்கு ஒரு முகமாய்க் கழுத்தைச் சுற்றி மாலையாக வந்துவிடும், கல்யாணத்தன்றே அவள் ஊருக்கே பங்காளி ஆகிவிடுவாள். தொடாதே என்றால் ஒருவரும் வர மாட்டார்கள், கோயிலில் ஐயரும் அவர்களும்தான் நிற்க வேண்டும். இதற்கும் பாலுச்சாமியே வழி கண்டுபிடித்தார், மனுஷனுக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கும். சாயப்பட்டறையில் முழங்கை வரைக்கும் போடுகிற ரப்பர் கையுறை இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு தொட்டால் தொட்டதும் ஆச்சு, ஒட்டாததும் ஆச்சு. குழந்தைவேலுவின் கூட்டாளிகள் மூட்டையாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள்.

செல்லாண்டியம்மன் கோயில் மண்டபத்தில் அன்றைக்குப் பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியும் கட்டிய கூட்டம் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்று சிவப்புச் சாயத்தில் முக்கியது, ஒன்று நீலம், ஒன்று கிளிப்பச்சை. கையுறையோடு சந்தனம் தொட்டார்கள், கையுறையோடு பன்னீர் தெளித்தார்கள், நாதஸ்வரக்காரர் மட்டும் துளையை மூட முடியாதென்று கழற்றிக்கொள்ள அனுமதி வாங்கினார். தட்டு சுற்றி வந்தது. செல்லப்பாண்டி நீலக் கையால் தொட்டான், கணபதியப்பன் சிவப்புக் கையால் தொட்டார், அவர் பெண்டாட்டி தொட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் பச்சை ஆனாள். ரேணுகா மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் ராசாமணியக்கா வந்தாள்.

பித்தளைக் குடத்தை இடுப்பிலும் பாயை அக்குளிலும் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் உறையில்லை. தட்டு அவள் முன்னால் வந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள். பாலுச்சாமி ஓடிவந்து ஒரு ஜோடிக் கையுறையை நீட்டினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் தொட மாட்டேன் கண்ணு. ரப்பரை மாட்டிக்கிட்டு என்ற புள்ளையத் தொடறதுக்கு நான் என்ன சாயமா முக்கறேன்? தொடாமயே சொல்றேன், நல்லா இரு."

ரேணுகா குழந்தைவேலுவைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அது எதில் போய் முடியும் என்றும் தெரிந்துவிட்டது, பாவம், அவனைவிட அதில் நஷ்டப்படப் போகிறவன் அந்த மண்டபத்தில் யாருமில்லை. காதைச் சொறிந்தான்.

"மறுபடியும் மாத்திரைதான, போட்டுக்கலாம்," என்றான்.

ரேணுகா மணவறையிலிருந்து எழுந்து வந்தாள், முகூர்த்த நேரத்தில் பெண் எழக்கூடாதென்று ஐயர் சொன்னது அவள் காதில் விழவில்லை, முந்தானைக்குள் கையை விட்டு ராசாமணியக்காவின் வலது கையை வெளியே இழுத்தாள், அக்கா கையை உருவப் பார்த்தாள், இவள் விடவில்லை, அந்த வெறுங்கையை விரித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அம்மா என்றாள். மேளக்காரர் எதற்கென்று தெரியாமல் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

தாலி கட்டியபிறகு ரேணுகாவின் கன்னத்தில் வட்டம் வர அதிக நாள் ஆகவில்லை. அதற்கு நடுவில் மூக்குத்தியோடு, மச்சத்தோடு ராசாமணியக்கா இருந்தாள். பாலுச்சாமி பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்து, பெண் பங்காளி வகையறா, மாப்பிள்ளை சுத்தமான வெளியாள், ஆகவே கல்யாணம் முறைப்படி செல்லும் என்று குழாயடியில் அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வெளியாள் கல்யாணப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வீட்டின் மறுகோடியில் விரித்துப் படுத்தான்.

மறுநாள் காலையில் ரேணுகா கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்து முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை இப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் இன்னொரு கையில் டாக்டர் எஸ்தரின் மாத்திரை அட்டையுமாய் ராசாமணியக்கா நின்றிருந்தாள், ஆஸ்பத்திரிக்கு விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நின்று வாங்கி வந்திருந்தாள். மாத்திரையைப் பிரித்து ரேணுகாவின் உள்ளங்கையில் போட்டாள். ரேணுகா தயங்கினாள், இதைப் போட்டா நீங்க மறுபடியும் போயிடுவீங்களே என்றாள். அக்கா அவள் கன்னத்தில் இருந்த தன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சொம்பை நீட்டி, அவள் முழுங்குகிற வரை அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றாள்.

"வாயத் தொற. நாக்குக்கடியில வெச்சிருக்கியான்னு பாக்கோணும்."